சிவப்புக் கித்தாருக்குக் கட்டிய மாலை

லேசாத் தட்டுனா வந்துரும். மரத்துண்டை முட்டுக் குடுத்து, சின்னச் சுத்தியலால பட்டும் படாம ஒரு தட்டு. மோட்டார் பேரிங்கையே வலிக்காமக் கழட்டுறவனுக்கு இது என்ன பெரிய காரியம், விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு, அதுலயும் ஒரு மூலை ஏற்கனவே பேந்து போனது. ஆனா கை ஓங்க மாட்டேங்கு. ஷட்டரைப் பாதிக்கு இறக்கி விட்டுருக்கேன், ஞாயித்துக்கிழமை மத்தியானம், தெருவுல நாய்கூட நடமாடலை, யாரு பாக்கப் போறா. இருந்தாலும் வெளிய ஒரு செருப்புச் சத்தம் கேட்டாச் சுத்தியலைக் கீழ வச்சிட்டு ஒரு பழைய மோட்டாரை இழுத்து முன்னால வச்சிக்கிடுதேன், சொந்தக் கடையில திருடன் கணக்கா. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க. வீட்டுக்காரி வடிவு வள்ளியூருக்குப் போயிருக்கா, கல்யாண வீட்டுக்குத் தச்ச ஜாக்கெட்டுகளைக் குடுக்க. வெளிச்சம் இருக்கும்போதே பஸ் ஏறிருவேன்னு சொல்லிட்டுப் போனா. அவ வாறதுக்குள்ள இந்தக் கித்தார் பழையபடி ஆயிரணும். ஆகலைன்னா நாளைக்குக் காலையில அவ அண்ணன் மக மஞ்சரி வந்து இதைத் தூக்கிட்டுப் போயிருவா. போனா இனி எம் பொண்டாட்டி சென்மத்துக்கும் ஒரு கித்தாரைத் தொட மாட்டா. அவ குணம் எனக்குத் தெரியும். ஒரு தடவை வேண்டாம்னு வச்சா வச்சதுதான். சவம், வேண்டாம்னு வைக்க வச்சது யாரு. தட்டுதேன். வந்துட்டு. இவ்வளவுதான் இது. அடியில பழைய பசை மஞ்சளாக் கெட்டிப்பட்டுக் கிடக்கு, அது கம்பெனிக்காரன் வச்ச பசை, மூலையில மட்டும் கண்ணாடி மாதிரி மினுமினுன்னு ஒரு சொட்டு இருக்கு, அது நான் வச்சது. அதைத்தான் மொதல்ல சுரண்டணும்.

சுரண்டுதேன். இதுக்குப் பேரு நட்டாம். கித்தாரோட கழுத்து முடிஞ்சு தலை ஆரம்பிக்கிற இடத்துல குறுக்க ஒரு வெள்ளைத் துண்டு, அதுல ஆறு பள்ளம், ஆறு கம்பியும் அதுல உக்காந்துதான் கீழ இறங்கும். அவளுக்குச் சொல்லிக் குடுக்கிற பிள்ளை ஜெபமலர்தான் போன்ல சொன்னா, “அண்ணாச்சி, அந்த நட்டை மட்டும் மாத்துனாப் போதும், அக்காகிட்ட நான் அன்னைக்கே சொன்னேன், அவங்க கேக்கவே மாட்டேன்னுட்டாங்க.” நட்டுன்னா எனக்குத் தெரிஞ்சது திருகுறது. இதுல திருகும் இல்ல, மரையும் இல்ல. ஜங்ஷன்ல இருக்கிற பாட்டுச் சாமான் கடைக்குப் போயி ஒரு நட்டு வேணும்னேன். எந்த மாடல்னு கேட்டான். சிவப்புன்னேன். அவன் சிரிச்சிட்டு, நான் கொண்டுபோன உடைஞ்ச துணுக்கைப் பாத்துட்டு, “இருக்கிறதுலயே குறைஞ்ச மாலு அண்ணாச்சி, உள்ள பொள்ளல், முருங்கைக் கொப்பு கணக்கா ஒடிஞ்சிரும்”னான். அப்புறம் எலும்பு நிறத்துல கெட்டியா ஒண்ணு எடுத்துக் குடுத்தான். பள்ளம் பேருக்குக் கீறியிருக்கு, நாமதான் ஆழம் பண்ணிக்கிடணும். கொஞ்சங் கொஞ்சமா இறக்குங்க, மேல இருந்தா இன்னும் இறக்கலாம், கீழ போயிட்டா ஏத்த முடியாதுன்னு சொன்னான். எனக்கா சொல்லுதே? மோட்டாருக்குள்ள பள்ளம் பள்ளமாக் கம்பி இறக்கித்தானடா நான் சோறு திங்கேன், தலைமயிர் மாதிரிக் கம்பியெல்லாம் தோல் உரியாம இறக்குன கை இது, அப்படின்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லலை. கை நல்ல கைதான். அந்தக் கைதான் ஆயுத பூஜை அன்னைக்கு மாலை கட்டுன நாரை இழுத்தது. பசை போயிட்டு, மரம் தெரியுது. புதுசை வச்சுப் பாக்கேன். கொஞ்சம் உயரம். கண்ணாடித் துண்டு மேல உப்புத்தாளை விரிச்சு, அடிப்பக்கத்தை வச்சு இழுக்கேன், முன்னுக்கும் பின்னுக்கும், முன்னுக்கும் பின்னுக்கும், பல் டாக்டர் பல்லை ராவுற மாதிரி ஒரு வாடை வருது, வெள்ளையாத் தூள் விழுது. மெதுவாத் திருகணும்ல. அந்தா, மறுபடி வந்துட்டு. எங்க போனாலும், நான் அவகிட்ட சொன்ன இந்த ஒரு சொல்லு வந்துருது. குளிக்கும்போது வருது, வண்டி ஓட்டும்போது வருது, கஸ்டமர்கிட்ட பேசிக்கிட்டே இருக்கேன், நடுவுல வந்து நிக்கு. மெதுவாத் திருகணும்ல.

ஆயுத பூஜைக்கு நான் எல்லாத்துக்கும் பொட்டு வைப்பேன். அதுல எனக்கு ஒரு வெறி உண்டு. வைண்டிங் மிஷின், டிரில்லு, வைசு, அரம் ஒண்ணு விடாம, பைக்கு, வீட்டுல மிக்சி, கிரைண்டர், அவ தையல் மிஷின், கத்திரி, எல்லாத்துக்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. இந்த வருசம் அவளே கித்தாரைக் கொண்டாந்து சரஸ்வதி படத்துக்குப் பக்கத்துல சாச்சி வச்சா. துடைச்சு, ஒரு பட்டுத் துணி விரிச்சு, அதுமேல. எனக்கு அதைப் பாத்ததும் சுருக்குன்னு ஒண்ணு. என்னன்னு கேட்டாச் சொல்லத் தெரியாது. என் சாமான் பூராவும் தரையில கிடக்கு, இது பட்டுல உக்காந்துருக்கு. “ஓகோ, கித்தார் வித்வானுக்கு மாலை மரியாதை உண்டும்லா”ன்னு சொல்லிக்கிட்டே செவ்வந்தி மாலையை எடுத்துக்கிட்டுப் போனேன். கேலிதான். அவளும் சிரிச்சிட்டு அடுப்படிக்குப் போயிட்டா, சுண்டல் தாளிக்க. மாலை நிக்கலை. தலையில போட்டா வழுக்கிக்கிட்டுக் கீழ வருது. நான் என்ன செஞ்சேன், வாழைநாரைக் கம்பிக்கு அடியில குடுத்து, அந்த வெள்ளைத் துண்டை ஒட்டி ஒரு சுத்துச் சுத்தி, மோட்டார்க் காயிலைக் கட்டுற மாதிரி ஒரு இழுப்பு இழுத்து முடிச்சுப் போட்டேன். சாமிக்குக் கட்டுற மாலையை யாராவது அப்படி இழுப்பாங்களா? இழுத்தேன். டிக்குன்னுச்சு. அந்தச் சத்தம் கேட்ட நேரம் எனக்கு உள்ள, அய்யா, எப்படிச் சொல்ல, வெக்கையில நடந்து வந்தவன் மோரைக் குடிச்சாப்புல ஒரு குளுமை. ஒரே ஒரு கணம்தான். இருந்துச்சு, இல்லைன்னு சொன்னா நாக்கு அழுகிப்போகும். அதுக்கப்புறந்தான் பயமே வந்தது. மெல்லிசுக் கம்பி உக்காருற மூலை பேந்து கையில வந்துட்டு. அவ அங்க கடுகைப் போட்டுட்டா, வெடிக்குது. நான் சட்டைப்பையில கிடந்த பசையை எடுத்து ஒரு சொட்டு வச்சு, மூலையை ஒட்டி, கம்பியைத் தூக்கி மேல வச்சு, அதுமேல பூவைத் தள்ளி மறைச்சிட்டேன். தீபாராதனை காட்டும்போது அவ கண்ணை மூடிக் கும்பிடுதா. நான் முழிச்சுக்கிட்டு அந்த மூலையையே பாக்கேன். அப்பவாது சொல்லியிருக்கலாம். ஏளா, தெரியாம இழுத்துட்டேன், நாளைக்கு மாத்தித் தாரேன்னு சொன்னா என்ன, ஒரு முறைப்பு முறைப்பா, ராத்திரிக்குள்ள சரியாயிரும். தெரியாம இழுத்துட்டேன்னு சொல்ல முடியலை. தெரியாமத்தானா இழுத்தேன்? அங்கதான் சிக்கிக்கிடுது. உடைக்கணும்னு இழுக்கலை. சத்தியமா இல்லை. உடையாம இருக்கணும்னும் இழுக்கலை.

மறுநாள் விஜயதசமி. அன்னைக்குத்தான எடுத்து வாசிக்கணும், தொடங்குற எதுவும் அன்னைக்குத் தொடங்கணும். தலைக்குக் குளிச்சிட்டு, ஈரத் தலையில துண்டைச் சுத்திக்கிட்டு, மாலையைக் கழட்டிட்டு, கித்தாரை மடியில வச்சுக் கும்பிட்டுட்டு, சுதி சேக்க அந்த மெல்லிசுக் கம்பிச் சாவியைத் திருகுனா. மூலை தெறிச்சுக் கட்டில் கால்ல போய் விழுந்துச்சு. கம்பி நழுவி அவ விரல்ல சுண்டிட்டு. அவ விரலைப் பாக்கலை, கத்தலை, தெறிச்சு விழுந்ததைத் தேடி எடுத்து உள்ளங்கையில வச்சுக்கிட்டு என்னைப் பாத்தா. நான் தட்டுல இட்லி வச்சிருக்கேன். சட்னியைத் தொட்டுக்கிட்டே, ஒரு பெரிய மனுசன் கணக்கா, சொல்லுதேன்: மெதுவாத் திருகணும்ல. யாருகிட்ட சொன்னேன்? எந்த வாயால? வாயில இட்லி இருந்துச்சே, அப்படியே அடைச்சுத் தொலைஞ்சிருக்கக் கூடாதா? அவ தலையை ஆட்டுனா. ஆமான்னு தலையை ஆட்டுனா. “மெதுவாத்தான் திருகுனேன்னு நினைக்கேன், எங்கை மாட்டுக் கைல்லா”ன்னா. அப்புறம் கொஞ்ச நேரங்கழிச்சு, “விஜயதசமி அன்னைக்கே ஒடிஞ்சிட்டுன்னா, உனக்கு இது வேண்டாம்டின்னு அவளே சொல்லுதா போல”ன்னு படத்தைக் காட்டிச் சொன்னா. சரஸ்வதி சொல்லலைளா, நாந்தாம்ளான்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சாமி மேல பழி போட்டுட்டு நான் ரெண்டாவது இட்லியைத் தின்னேன். சாயங்காலமே அவ மதினிக்குப் போன் போட்டு, மஞ்சரி பாட்டு கிளாசுக்குப் போறாள்லா, லீவுக்கு வரும்போது இதை எடுத்துக்கிடட்டும், எனக்குக் கைவரலைன்னு சொல்லிட்டா. கைவரலையாம். கைவந்துச்சு. அதான் என் எரிச்சலே. மொதல்ல டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டு இருந்தவ, ஆவணிக்கப்புறம் என்னமோ ஒரு மாதிரி கோர்வையா வாசிக்க ஆரம்பிச்சிட்டா. மரத்துல செஞ்ச சாதாரணக் கித்தார்தான் அவ கேட்டது. வீட்டுல சத்தம் வந்தா மனுசன் நிம்மதியா டிவி பாக்க வேண்டாமான்னு நாந்தான் குதிச்சேன். அதுக்காகவே தேடிப் போயி, கரண்டுல மாட்டாட்டாச் சத்தம் பெருசா வராத கித்தாரா வாங்கிட்டு வந்தா, காதுல மாட்டுற ஒயரோட. தையக் கூலியில வாங்குனது. எனக்காகவே சத்தம் இல்லாததா வாங்குனவ. அதுக்கும் நான் குறை கண்டுபிடிச்சேன் பாத்தியா, அதுதான் என் சாமர்த்தியம். சத்தம் வந்தாச் சத்தம்னு குதிப்பேன், வரலைன்னா, அவ காதை அடைச்சுக்கிட்டு உக்காந்துருக்கான்னு குதிப்பேன். முந்தியெல்லாம் என் பைக்குத் தெரு முக்கு திரும்பும்போதே தோசைக்கல்லு அடுப்புல ஏறிரும். இப்ப நான் வந்து செருப்பைக் கழட்டி, கனைச்சு, தோளைத் தொட்டாத்தான் தெரியுது. அந்த நேரத்துல அவ முகத்துல ஒரு சிரிப்பு இருக்கும். எனக்கில்ல. யாருக்கும் இல்ல. தனக்குத்தானே. என்னைப் பாத்ததும் அது போயிரும், “வந்துட்டியளா, இந்தா ஊத்துதேன்”னு எந்திரிச்சிருவா. அந்தச் சிரிப்பைத்தான் நான் நார் போட்டு இழுத்தேன். இப்ப ஒரு வாரமாக் கல்லு சரியான நேரத்துக்கு அடுப்புல ஏறுது. தோசை முறுகலா வருது. கித்தார் உறைக்குள்ள போயி பீரோ மேல ஏறிட்டு. கேட்டது கிடைச்சுட்டுல்ல, தின்னுல. அவ எதுத்தாப்புல உக்காந்து பித்தான் தைக்கா, காது ரெண்டும் சும்மா இருக்கு, நான் என்ன சொன்னாலும் கேக்கா. சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்லை.

அடிப்பக்கம் சரியாயிட்டு. பள்ளத்துல கச்சிதமா உக்காருது, ஆட்டம் இல்ல. துளிப் பசை போதும், ரொம்ப வச்சா நாளைக்கு ஒருத்தன் கழட்டும்போது கழுத்து மரம் பேந்து வரும். கம்பியை ஒண்ணொண்ணா மாட்டுதேன். தடிக் கம்பியில இருந்து ஆரம்பிப்போம். என்னன்னு சொல்லலாம் அவகிட்ட? கம்பெனி மால் மட்டம்னு சொல்லலாம். அது பொய்யும் இல்ல, கடைக்காரனே சொன்னான்லா. உள்ள பொள்ளல், யாரு திருகுனாலும் ஒடியத்தான் செய்யும், உம்மேல தப்பு இல்லளா. அவ மேல பழி போயிரும், என்மேல வராது, கம்பெனிக்காரன் எங்கயோ சீனாவுல இருக்கான், அவனுக்கென்ன நோகுது. நல்ல வழிதான். நேத்துல இருந்து இதை ஒத்திகை பாத்துக்கிட்டே இருக்கேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னா இதுதான், ஆனா சோறும் கொஞ்சம் உண்மைச் சோறு. தடிக் கம்பிப் பள்ளம் ஆச்சு. அடுத்தது ஆச்சு. ஊசி அரத்துல நாலு இழுப்பு, கம்பியை வச்சு, கழுத்துல மூணாவது கட்டத்துல அமுக்கி, மொதக் கட்டத்துல குறுக்கப் பதிச்சிருக்கிற இரும்புக்கும் கம்பிக்கும் நடுவுல ஒரு காகிதம் போற இடம் இருக்கான்னு பாக்கணும். ஜெபமலர் சொன்ன வழி. இருக்கு. நல்லா வருது. மனசுக்கே ஒரு தெம்பு வருது, வேலை சுத்தமா வந்தா எனக்கு எப்பவும் அப்படித்தான், மத்த எழவெல்லாம் மறந்துரும். கடைசிக் கம்பி. மெல்லிசு. நான் ஒடிச்ச மூலை. இதை நல்லா செய்யணும், மத்த அஞ்சை விடவும் நல்லா. இழுக்கேன். கம்பெனி மால் மட்டம்ளா. அவ நம்பிருவா. நான் சொன்னா எதையும் நம்புவா, மாட்டுக் கைன்னே நம்பிட்டாளே. இழுக்கேன். நம்பிட்டு, சரின்னு எடுத்து வாசிப்பா, நான் தோசைக்குக் காத்துக்கிட்டு உக்காந்துருப்பேன், அவ சிரிப்பா, அப்பவும் எனக்குச் சுருக்குன்னா? அப்ப என்ன செய்வே? மறுபடி எதையாவது ஒடிப்பியா? நல்லவன் வேசம் போட்டுக்கிட்டு மறுபடி ஒட்டுவியா? அவ தலையை ஆட்டுனாளே, ஆமான்னு. அந்தத் தலையாட்டை எந்தக் கடையில போயி வாங்கி மாட்ட? ஈரத் துண்டு சரிஞ்சு விழ விழ ஆமான்னு ஆட்டுனா. இழுக்கேன், இழுத்துக்கிட்டே இருக்கேன், அய்யோ. எடு. அரத்தை எடு. கம்பியை வச்சு அமுக்குதேன், காகிதம் போகலை. மறுபடி பாக்கேன். போகலை. கம்பி இரும்பு மேல படுத்துக் கிடக்கு. அடச்சே, தலைமயிரு கம்பியெல்லாம் இறக்குன கையாம். சுண்டிப் பாக்கேன். மத்தது எல்லாம் கணீர்னு வருது, இது மட்டும் டப்பாவுக்குள்ள மாட்டுன ஈ கணக்கா இரையுது. பசை வச்சு மேடாக்கலாமா, அடியில தகடு குடுக்கலாமான்னு யோசிக்கேன், அதுக்குள்ள ஷட்டர் ஒரு கை உசரம் மேல போகுது, கீழ தெரியுற செருப்பு வடிவோடது.

“ஞாயித்துக்கிழமை கடையத் தொறந்து வச்சிக்கிட்டு என்ன செய்யுதிய, போனும் எடுக்க மாட்டிய”ன்னு குனிஞ்சு உள்ள வந்தவ, பையைக் கீழ வைக்காம அப்படியே நிக்கா. பஸ்சுல வந்த களைப்பு முகத்துல, நெத்தி எல்லாம் வேர்த்துக் கிடக்கு. கித்தாரைப் பாக்கா, அரத்தைப் பாக்கா, வெள்ளைத் தூளைப் பாக்கா. “மஞ்சரிக்காகவா சரி பண்ணுதிய? அவ அங்கன பாத்துக்கிட மாட்டாளா?” “உனக்கு”ன்னேன். குரல் எனக்கே வேற ஆளு குரலா இருக்கு. அவ ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து, முந்தானையில கையைத் துடைச்சிக்கிட்டு, கித்தாரை வாங்கி மடியில வச்சா. தடிக் கம்பியில இருந்து ஒண்ணொண்ணாச் சுண்டுனா. கணீர். கணீர். அவ முகம் கொஞ்சம் தொறக்குது, நான் பாக்கேன், மூச்சு விடாமப் பாக்கேன். கடைசிக் கம்பி. இரைஞ்சுச்சு. மறுபடி சுண்டுனா, மறுபடி இரைஞ்சுச்சு. முகம் மூடிட்டு. “பாத்தியளா”ன்னா, லேசாச் சிரிச்சா வேற, “நீங்க எவ்வளவு பாடுபட்டுச் சரி பண்ணாலும் எங்கை பட்டாக் கெட்டுத்தான் போகும்.” கம்பெனி மால் மட்டம். இதோ வாயில தயாரா நிக்கு, நேத்துல இருந்து நிக்கு. ஆனா என் கண்ணு, கம்பியை அமுக்க வேண்டிய அவ இடது கையைப் பாத்துட்டு. அது மடியில கிடக்கு. மல்லாக்கக் கிடக்கு. கித்தார்க் கழுத்தைத் தொடவே இல்லை. தொடாத கையையும் அவ குத்தம் சொல்லுதா. இதை நான் அவளுக்குக் கத்துக் குடுத்துருக்கேன். “ஏளா, உன் கை எங்க இருக்குன்னு பாரு”ன்னேன். பாத்தா. கையைத் தூக்கி ஒரு தடவை விரிச்சுப் பாத்துட்டு, அந்தக் கையைத் தூரமா நீட்டி வச்சுக்கிட்டு, மத்த கையால கடைசிக் கம்பியைச் சுண்டுனா. இரையுது. “நான் பிடிக்கவே இல்லையே”ன்னா. “நாந்தான் ஆழமா ராவிட்டேன். குத்தம் உன் கையில இல்லளா, பள்ளத்துல இருக்கு.” அவ நிமிந்து கேட்டா: “அப்ப விஜயதசமி அன்னைக்கு?”

“அதுவும் நாந்தான். மாலை கட்டும்போது இழுத்தேன், பேந்துட்டு. ஒட்டி வச்சேன். நீ திருகுறதுக்கு முந்தின நாளே அது ஒடிஞ்சதுதான்.” சொல்லிட்டேன். சொல்லி முடிச்சதும், அவ அடுத்துக் கேக்கப் போற எல்லாத்துக்கும் என்கிட்ட பதில் இருந்துச்சு. ஏன் சொல்லலைன்னா பயந்துட்டேன்னு. திட்டுனா, திட்டுன்னு. இட்லி தின்னுக்கிட்டு அந்தச் சொல்லு சொன்னியேன்னா, செருப்பால அடின்னு. அவ ஒண்ணையும் கேக்கலை. ரொம்ப மெதுவா, ஏதோ உடம்புக்குச் சுகமில்லையான்னு விசாரிக்கிற மாதிரி கேட்டா: “ஒடிஞ்சப்ப உங்களுக்குச் சந்தோசமா இருந்துச்சோ?” இதை யாரு அவளுக்குச் சொன்னா. இதை நான் எனக்கே பாதிதான சொல்லியிருந்தேன். இல்லைன்னு சொல்லு, இல்லைன்னு சொல்லுலன்னு உள்ள ஒருத்தன் பதறுதான். “கொஞ்சம்”னேன். அவ தலையை ஆட்டலை. கண்ணு நிறைஞ்சுச்சு, துடைக்கலை. பையில இருந்து போனை எடுத்து, என் முன்னாலயே போட்டா. “மதினி, நாளைக்கு மஞ்சரிய அனுப்ப வேண்டாம். இல்ல, சரியாயிட்டு. எனக்கு வேணும் மதினி, எனக்கே வேணும்.” வச்சிட்டு, கித்தாரைச் சரியா மடியில தூக்கி வச்சுக்கிட்டா, காதுல ஒண்ணும் மாட்டலை. நான் ராவிக் கெடுத்த அந்த ஒரு கம்பியை மட்டும் தொடாம ஒதுக்கிட்டு, மத்த அஞ்சுலயும் வாசிக்க ஆரம்பிச்சா, என் முகத்தைப் பாத்துக்கிட்டே.